வாயைத் திறக்க விட்டால்தானே பேச வரும்!

"அவனுக்கு இங்கிலீஷ் வராது" என்று ஒரே போடாகப் போட்டு முடித்துவிடுகிறார்களே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வராதா? நாள் முழுக்க ஆங்கிலத்தில்தான் மெயில் எழுதுகிறேன். கிளையன்ட் அனுப்பும் தடித்தடியான டாக்குமென்ட்டைப் படித்து, எங்கே முன்னுக்குப் பின் முரணாக எழுதியிருக்கிறார்கள் என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். ஆங்கிலப் படத்தைச் சப்டைட்டில் இல்லாமல் பார்த்து, சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரிக்கவும் செய்கிறேன். யாராவது நேருக்கு நேர் கேள்வி கேட்டால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் தேர்வில்கூட கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நான்குக்கும் தனித்தனியாகத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். நம் ஆட்களுக்கு மட்டும் எல்லாம் ஒன்று. பேசத் திணறினால் ஒன்றுமே தெரியாதவன்.

சொல்லிப் புலம்பினால் ஆளாளுக்கு வைத்தியம் வேறு. ஹிந்து பேப்பர் படி. இங்கிலீஷ் சீரியல் பார். பாட்காஸ்ட் கேள். ஐயா, புரிவதில் எனக்குச் சிக்கலே இல்லையே! இன்னும் எத்தனை காலத்துக்குக் காதுக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருப்பது?

இது நம் ஊர் நோயும் இல்லை. கனடாவில் மாண்ட்ரியலுக்குப் பக்கத்தில் செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில் 1965-இல், வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் பிரெஞ்சிலேயே பாடம் நடத்தத் தொடங்கினார்கள். பிறகு அது நாடு முழுக்கப் பரவியது. அப்படிப் படித்த பிள்ளைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெயின் 1985-இல் எழுதியதைப் படித்தபோது, என்னைப் பார்த்துத்தான் எழுதினாரோ என்று இருந்தது. பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு நன்றாகப் புரிகிறது. பேச்சு மட்டும் அந்த அளவுக்கு வரவில்லை. ஏன் என்றால், வகுப்பில் அவர்கள் வாயைத் திறக்க வாய்ப்பு குறைவு, திறந்தாலும் சரியாகச் சொல்லும்வரை யாரும் விடாமல் பேச வைக்கவில்லை. கேட்டதெல்லாம் தானாகப் பேச்சாக மாறிவிடாது என்று நாற்பது வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். நமக்கு இன்னும் ஹிந்து பேப்பர்தான்.

எங்கள் பள்ளியில் நாங்கள் பேசிய ஆங்கிலம் மொத்தமே இரண்டு வரிதான். எல்லோரும் எழுந்து ராகம் போட்டு "குட் மார்னிங் டீச்சர்", வாசலில் நின்று "மே ஐ கம் இன் டீச்சர்". ஆங்கிலப் பாடமே தமிழில்தான் நடந்தது. மெமரி போயம் ஒப்பித்தோம். ஆக்டிவ் வாய்ஸைப் பேசிவ் வாய்ஸாக மாற்றினோம். அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வு வைத்து, சோதனைக் குழாயைக் கையில் கொடுத்துச் செய்து காட்டச் சொன்னார்கள். ஆங்கிலத்துக்கு முதல் தாள், இரண்டாம் தாள் என்று எழுதித் தள்ளினோம். பேசிக் காட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்ஜினியரிங் முடித்து கேம்பஸ் இன்டர்வியூவில் உட்கார்ந்த அன்றுதான், முதன்முதலாக ஒருவர் கேட்டார்: "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்".

பள்ளியை மட்டும் சொல்லி என்ன பயன்? தப்பித்தவறி ஊரில் ஒருவன் நான்கு வார்த்தை ஆங்கிலத்தில் பேசிவிட்டால், "என்னடா, பீட்டர் விடுற?" என்று டீக்கடை வரை துரத்தினோமே. பேசினால் பீட்டர், பேசாவிட்டால் தற்குறி. எப்போதுதான் பழகுவது?

போன மார்ச்சில் நடந்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். அதிகாலை 2 மணி ஆனதும் நேராக 3 மணி. நடுவில் 2.30 என்று ஒரு நேரமே அன்றைக்குக் கிடையாது. எங்கள் கிளையன்ட்டின் பேமென்ட் ஜாப், அதாவது பணம் அனுப்பத் தானாக ஓடும் புரோகிராம், ஓட வேண்டியது அந்த 2.30-க்கு. எப்படி ஓடும்? லாக் ஃபைலைத் தோண்டி இதைக் கண்டுபிடித்து, விவரமாக மெயில் போட்டது நான். மறுநாள் கான்ஃபரன்ஸ் காலில் கிளையன்ட் கம்பெனி அம்மா, ஏன் ஓடவில்லை என்று கேட்கிறார். மேலே தமிழில் சொன்னேனே, எவ்வளவு நேரம் ஆனது? ஆனால் அங்கே, "ஆக்சுவலி... தி ஜாப் இஸ்... வாஸ்..." தமிழில் என்றால் சொல்ல வேண்டியதையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போய் வினையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் எழுவாயைச் சொன்ன கையோடு வினையைக் கேட்கிறது, அதுவும் காலம் தப்பாமல். "ஹேட் பீன்" போடலாமா என்று நான் மூளைக்குள் பஞ்சாயத்து வைத்துக்கொண்டிருக்க, பக்கத்து சீட்டுக்காரர் "லெட் மீ டேக் திஸ்" என்று உள்ளே புகுந்தார். புகுந்து என்ன சொன்னார் தெரியுமா? நான் அனுப்பிய மெயிலைத் திறந்து வைத்து வரி மாறாமல் வாசித்தார்! "வெரி வெல் எக்ஸ்ப்ளெயின்ட்" என்ற பாராட்டு அவருக்கு. அப்ரைசலில், கம்யூனிகேஷன் போதாது என்ற வரி எனக்கு.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த அம்மாவிடம் நான் மட்டும் தனியாக மாட்டினால் பேசிவிடுவேன். திக்கித் திக்கித்தான், ஆனால் வேலை முடிந்துவிடும். அவருக்குத் தேவை பேமென்ட் எப்போது போகும் என்பது. என் இலக்கணம் அல்ல. காலில் இன்னும் நான்கு தமிழர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் வாய் கட்டிக்கொள்கிறது. "இஸ்" வர வேண்டிய இடத்தில் "ஆர்" வந்தால் போதும், கால் முடிவதற்குள் டீம் வாட்ஸ்அப் குரூப்பில் ஸ்டிக்கர் வந்து விழும். ஜப்பான்காரரோ ஜெர்மன்காரரோ உடைத்து உடைத்துப் பேசினால் மட்டும் இதே ஆட்கள் "எவ்வளவு க்யூட்டா பேசறார்ல!" என்று உருகுவார்கள். அவருக்குக் கிடைக்கும் பொறுமையில் கால்வாசி, விருதுநகரில் இருந்து வந்தவனுக்கு ஏன் கிடையாது?

எனக்கு முப்பது நாள் புத்தகமும் வேண்டாம், கரும்பலகையில் டென்ஸ் அட்டவணை போடும் கோச்சிங் கிளாசும் வேண்டாம். அடுத்த காலில் நான் "ஆக்சுவலி" என்று சொல்லி நிறுத்தினால், அண்ணன்மார்களே, தயவுசெய்து மியூட்டிலேயே இருங்கள். பத்து செகண்ட் ஆகட்டும், கிளையன்ட் காத்திருக்கட்டும், "வாஸ்" இருக்க வேண்டிய இடத்தில் "இஸ்" வரட்டும். நான் கண்டுபிடித்ததை நானே சொல்லிக்கொள்கிறேன்.