கபானிக்கு அனுதாபம் எதற்கு?

வெளிச்சத்தைக் கடத்தும் கண்ணாடி இழையான ஃபைபரைக் கண்டுபிடித்தது நம்மாள் கபானி, நோபலை மட்டும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு ஃபார்வர்ட் எங்கள் கேபிள்காரர்கள் குரூப்பில் ஓயாமல் சுற்றுகிறது. கீழே ஒரு அண்ணாச்சி, "வெள்ளக்காரன் நம்மாளுக்குக் குடுப்பானால?" என்று வேறு கேட்டிருந்தார். பரிசு வாங்கிய சார்லஸ் காவோ ஷாங்காயில் பிறந்தவர், அண்ணாச்சி.

பாளையங்கோட்டையில் ஃபைபர் ஒட்டிப் பிழைக்கிறவன் சொல்கிறேன்: நரிந்தர் சிங் கபானி பெரிய ஆள்தான். ஆனால் அவர் செய்யாத வேலைக்குப் பரிசு கேட்டு, செய்த வேலையை மறைக்கிறோம்.

பஞ்சாபில் மோகாவில் பிறந்தவர். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹெரால்டு ஹாப்கின்ஸிடம் ஆய்வு மாணவர். ஆயிரக்கணக்கான கண்ணாடி இழைகளை வரிசை பிசகாமல் கற்றையாக அடுக்கி, ஒரு முனையில் விழும் படத்தை மறுமுனையில் வரவைத்தார்கள். கற்றையை வளைத்தாலும் படம் வந்தது. 1954 ஜனவரி 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. அவர்கள் தேடியது வயிற்றுக்குள் பார்க்க ஒரு வழி. இன்று எங்கள் ஊர் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கிறார்களே, அதன் பூர்வீகம் அங்கே கிடக்கிறது. இது சின்ன காரியமா?

காவோவின் கணக்கு வேறு. அந்தக் காலத்து இழையில் லாஸ், அதாவது வழியில் தொலைகிற வெளிச்சம், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1000 டெசிபெல். 20 மீட்டர் போவதற்குள் நூற்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் மிஞ்சும். எங்கள் தெருவில் ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்குக்கூடக் காணாது. குற்றம் கண்ணாடியில் இல்லை, அதில் கலந்திருக்கும் இரும்பு மாதிரியான அழுக்கில்தான். அதை எடுத்து 20 டெசிபெல்லுக்குக் கொண்டுவந்தால் டெலிபோனுக்கே ஆகும் என்று 1966-ல் கூட வேலைபார்த்த ஹாக்ஹாமோடு சேர்ந்து எழுதினார். 1970-ல் அமெரிக்காவின் கார்னிங் கம்பெனியில் மூன்று பேர் 17-க்கு இறக்கிக் காட்டினார்கள். இன்று 1550 நானோமீட்டர் அலைநீள வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், லாஸ் அளக்கும் என் ஓடிடிஆர் கருவி காட்டுவது கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் பக்கம். நெல்லையில் விட்ட வெளிச்சம் நாகர்கோவிலைத் தாண்டி, 100 கிலோமீட்டர் போன பிறகுதான் நூற்றில் ஒன்றாகிறது. (வழியில் ஜேசிபி கிளறாமல், அணில் கடிக்காமல் இருந்தால்!) 2009 நோபல் இந்த வேலைக்கு. அதில் எனக்கு வழக்கே இல்லை.

என் வழக்கெல்லாம் லாரி கர்ட்டிஸுக்காக. கபானியின் இழைகள் வெறும் கண்ணாடி. ஒன்றோடொன்று உரசினால் வெளிச்சம் கசியும். மேலே ஒரு பூச்சு வேண்டும் என்று டச்சுக்காரர் வான் ஹீல் அதே 'நேச்சர்' இதழில் எழுதியிருந்தார். பூச்சுக்குப் பதில், ஒரு கண்ணாடிக் கம்பியை இன்னொரு கண்ணாடிக் குழாய்க்குள் செருகி, உருக்கி, இரண்டையும் ஒரே இழையாக இழுத்தவர் கர்ட்டிஸ். ஆண்டு 1956. அப்போது அவர் மிச்சிகனில் பட்டப்படிப்பு மாணவர்! அடுத்த ஆண்டே அந்த இழையில் செய்த கருவியை ஹிர்ஷோவிட்ஸ் என்கிற டாக்டர் முதலில் தன் தொண்டையில் விட்டுப் பார்த்தார். இன்று நான் மேலுறையை உரித்து, முனையை நறுக்கி, ஒட்டுகிற மெஷினில் வைக்கிற ஒவ்வொரு இழையிலும் வெளிச்சம் போகும் உள்கண்ணாடியைச் சுற்றி அப்படியொரு கண்ணாடி உறைதான் (கிளாடிங்) இருக்கிறது. கர்ட்டிஸுக்காக ஒரு ஃபார்வர்டும் நான் பார்த்ததில்லை.

கபானிக்காகக் கோபப்பட்டே ஆகவேண்டும் என்றால் நோபல் கொடுக்கிற ஸ்டாக்ஹோமை விடுங்கள். 1954-ல் வெளியான வேலை. அவர் 2020 டிசம்பரில், 94 வயதில் காலமானார். நம் நாடு பத்ம விபூஷண் அறிவித்தது 2021 ஜனவரியில்.