கல்லறைத் திருநாளை யாரும் யாரிடமும் திருடவில்லை

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கல்லறைத் திருநாளன்று காலையிலிருந்து எனக்கு எத்தனை பேர் அனுப்பினார்கள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். சட்டையில் மைக் குத்திக்கொண்டு ஆயிரம் வருட வரலாற்றை மூன்றே நிமிடத்தில் முடித்துவிட்டார் அந்தச் சகோதரர். இறந்தோருக்காக நாம் செபிக்கிற இந்த நவம்பர் 2, அயர்லாந்துப் பக்கத்துப் பழைய கெல்ட்டியர்கள் நவம்பர் தொடக்கத்தில் கொண்டாடிய சம்ஹைன் பண்டிகையாம். ரோமாபுரி அதைத் திருடியதாம். சாமியார்கள் காசு பார்க்க வைத்துக்கொண்டார்களாம். கீழே வரிசையாக ஆமென், ஆமென். அதில் தெரிந்த பெயர்கள் இல்லாமல் இருந்திருந்தால் பேசாமல் போயிருப்பேன்.

சரி, பொறுமையாகவே பேசுவோம்.

இந்தத் திருநாள் எங்கே பிறந்தது என்பது ஒன்றும் மர்மம் இல்லை. பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் 910இல் தொடங்கிய குளூனி மடம். பெனடிக்ட் சபைத் துறவிகளுடையது. அதன் ஐந்தாவது தலைவர் ஓதிலோ, 994 முதல் 1049 வரை மடத்தை நடத்தியவர். அவர் போட்ட ஆணை இன்றும் இருக்கிறது. பழைய புத்தகங்கள் 998 என்கின்றன, இப்போதைய ஆய்வாளர்கள் பலர் 1030ஐ ஒட்டி என்கிறார்கள். அந்தச் சண்டையை அவர்களுக்கே விட்டுவிடுவோம்.

ஆணையில் என்ன இருக்கிறது? சகல புனிதர்கள் திருநாளன்று, அதாவது நவம்பர் 1 அன்று, மடத்துக்கு வருகிற ஏழைகளுக்கெல்லாம் அப்பமும் திராட்சை இரசமும் கொடுக்க வேண்டும். அன்றைய மாலைச் செபம் முடிந்ததும் எல்லா மணிகளையும் அடித்து, இறந்தோருக்கான மாலைச் செபத்தைப் பாட வேண்டும். மறுநாள் காலை மறுபடியும் மணி, பாடல் பூசை. குருக்கள் தனியாகவும் பூசை வைக்க வேண்டும். பன்னிரண்டு ஏழைகளைச் சாப்பிட வைக்க வேண்டும். யாருக்காக? உலகம் தோன்றிய நாள் முதல் முடியும் நாள் வரையிலான இறந்த விசுவாசிகள் எல்லோருக்காகவும்.

அந்த 'எல்லோருக்காகவும்' என்பதைத்தான் வீடியோக்காரர் தாண்டிப் போகிறார். அதற்கு முன்பும் மடங்களில் இறந்தவர்களுக்காகச் செபம் இருந்தது. ஆனால் அதற்குப் பட்டியல் உண்டு. 762இலேயே அட்டிக்னி என்ற இடத்தில் ஆயர்களும் மடத்துத் தலைவர்களும் கூடி, நம்மில் யார் இறந்தாலும் மற்றவர்கள் பூசை வைப்பது என்று ஒப்பந்தம் போட்டார்கள். 824ஐ ஒட்டித் தொடங்கிய ரைசனவ் மடத்தின் புத்தகத்தில் ஏறத்தாழ 38,000 பெயர்கள் இருக்கின்றன. துறவிகள், உபகாரிகள், அரச குடும்பத்தார். பெயர் ஏறினால் செபம் உண்டு. உன் பாட்டன் வெறும் பண்ணையாள் என்றால் அவன் பெயரை அங்கே யார் ஏற்றப் போகிறார்கள்? ஓதிலோ செய்தது இதுதான். தன் மடத்துக்காரர்களுக்கு மட்டும் இருந்த கதவை ஊருக்கெல்லாம் திறந்துவிட்டார். இதற்கு முன்மாதிரிகளே இல்லை என்று சொல்லவில்லை. ஸ்பெயினின் செவில் நகரத்து ஆயர் இசிதோரின் மடத்து விதிகளில், பெந்தெகொஸ்தேக்கு மறுநாள் இறந்தோருக்காகப் பூசை வைக்கச் சொல்லியிருக்கிறது. அவர் காலமானது 636இல். அங்கே கெல்ட்டியரும் இல்லை, நவம்பரும் இல்லை.

'அப்படியானால் தேதி எப்படிச் சம்ஹைனோடு பொருந்துகிறது?' என்று ஒருவர் கேட்பார். கேட்டும் விட்டார், மூன்று சிரிக்கும் முகங்களோடு. ஐயா, நவம்பர் 2 வந்தது நவம்பர் 1க்கு அடுத்த நாள் என்பதால். ஒன்பதாம் நூற்றாண்டில் மெத்ஸ் நகரத்து அமலாரியுஸ் தன் வழிபாட்டு நூலில் புனிதர்களுக்கான செபங்களுக்குப் பின்னால் இறந்தோருக்கான செபத்தை வைத்தார். காரணமும் எழுதினார்: உலகை விட்டுப் போகிற பலர் உடனே புனிதர்களோடு சேர்ந்துவிடுவதில்லை. நூலில் இருந்த அந்த வரிசை பிறகு நாட்காட்டிக்கும் வந்தது.

அப்புறம் நவம்பர் 1. அந்தத் தேதியாவது அயர்லாந்திலிருந்து வந்தது என்கிறீர்களே, அந்த அயர்லாந்தில் 800ஐ ஒட்டி எழுதப்பட்ட ஓங்குசின் புனிதர் நாட்காட்டி, ஐரோப்பாவின் சகல புனிதர்களையும் ஏப்ரல் 20இல் வைத்திருக்கிறது. ஏப்ரல்! சம்ஹைனைத் தினமும் கண்ணால் பார்த்த ஊர்த் துறவிகளுக்கே தோன்றாத திருட்டு, பர்கண்டியில் இருந்தவருக்குத் தோன்றியதாம். நவம்பர் 1ஐப் பிடித்துக்கொண்டது, இன்றைய பிரான்ஸ், ஜெர்மனிப் பக்கம் இருந்த பிராங்கியர்களின் நாடு. 800 வாக்கில் அங்கிருந்த அறிஞர் அல்குயின் அதைப் புகழ்ந்து கடிதம் எழுதுகிறார், 835இல் பேரரசர் பக்திமான் லூயிஸ் தன் நாடு முழுக்கக் கொண்டாடச் சொல்கிறார். இதையெல்லாம் தேடி எடுக்க ஒரு மதியம் போதும். ஆனால் மூன்று நிமிட வீடியோவுக்கு ஒரு மதியம் செலவழிக்க யாருக்கு நேரம்?

அடுத்து, 'பைபிளில் எங்கே இருக்கிறது?' மக்கபேயர் இரண்டாம் புத்தகம், 12ஆம் அதிகாரம், இறந்தோருக்காகச் செபிக்கிற இடம். அது கத்தோலிக்கரான எங்கள் பைபிளில் இருக்கிறது, மற்றச் சபைக்காரர்களான உங்களுடையதில் இல்லை. இதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

காசு விஷயத்துக்கு வருகிறேன். பின்னாளில் பூசைகள் வியாபாரம் ஆனது உண்மை. லுத்தருக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருந்தது. ஆனால் குளூனியில் நடந்ததைப் பாருங்கள். ஒரு துறவி இறந்தால் அவருடைய பங்குச் சாப்பாடு முப்பது நாளைக்கு ஓர் ஏழைக்குப் போகும். ஒவ்வோர் ஆண்டு நினைவு நாளிலும் போகும். மடம் வளர வளர இறந்தவர்கள் பட்டியலும் வளர்ந்தது. கடைசியில் 1122இல் தலைவரான வணக்கத்துக்குரிய பேதுரு, ஒரு நாளைக்கு ஐம்பது பங்குக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு கட்ட வேண்டி வந்தது. இல்லாவிட்டால் இறந்தவர்கள் உயிரோடு இருப்பவர்களை மடத்தை விட்டே துரத்திவிடுவார்கள் என்று பயந்தார்கள். காசு பார்க்கத் தொடங்கியவர்கள் இப்படியா கணக்குத் தவறுவார்கள்? சமீப காலத்துக்கு வாருங்கள். 1915இல் உலகப் போரில் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தபோது, திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் இந்த ஒரு நாளில் ஒவ்வொரு குருவும் மூன்று பூசை வைக்க அனுமதித்தார். அதில் ஒன்றுக்குத்தான் காணிக்கை வாங்கலாம். இதையும் அந்தச் சகோதரர் சொல்லவில்லை.

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று சிலருக்குத் தோன்றலாம். அப்பா கல்லறைக்கு ஒவ்வோர் அக்டோபர் கடைசியிலும் நாங்களேதான் சுண்ணாம்பு அடிப்போம். பெயர் மேல் கறுப்புப் பெயிண்ட் இழுப்பது என் வேலை. எவ்வளவு நிதானமாகப் பிடித்தாலும் 'ஞா'வின் சுழியில் பெயிண்ட் வழிந்துவிடும். பக்கத்தில் பெயரே இல்லாத ஒரு மண்மேடு, துருப்பிடித்த இரும்புச் சிலுவை. யாருடையது என்று கோயில் பிள்ளைக்கும் தெரியாது. அம்மா அங்கேயும் ஒரு மெழுகுவர்த்தி வைப்பார். காற்றுக்கு அணையாமல் இருக்க, அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலை அதன் மேல் கவிழ்ப்பார். கேட்டால், 'யாரோ பெத்த பிள்ளைதானே' என்பார். அம்மாவுக்கு ஓதிலோ யார் என்று தெரியாது. அவருடைய ஆணையை எங்கள் வீட்டில் சரியாக நிறைவேற்றுவது அவர்தான்.

இந்த வருடம் சித்தி மகன் வந்திருந்தான். அப்பாவின் பெட்டியைத் தோளில் சுமந்தவன். இப்போது வேறு சபைக்குப் போகிறான், அது அவன் விருப்பம். கல்லறை மந்திரிப்பு முடியும் வரை கேட்டுக்கு வெளியே பைக்கில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே வரக் கூடாதாம். சித்தி வந்ததும் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அன்று இரவு குடும்ப குரூப்பில் இந்த வீடியோவை முதலில் போட்டது அவன்தான். 'சிந்தியுங்கள்' என்று ஒரு வரி வேறு. பெரியப்பா பெரியப்பா என்று அவரையே சுற்றி வந்தவன்.

நம்மவர்களும் சும்மா இல்லை. அன்று மைக்கில் வாசித்த பெயர்ப் பட்டியலைக் கேட்டீர்களா? பெயர்ச் சீட்டும் காணிக்கையும் கொடுத்தவர்களின் குடும்பம் குடும்பமாக நீண்டது. பட்டியலே வேண்டாம் என்று ஏற்பட்ட நாளில் பட்டியல் வாசிக்கிறோம். வீடியோக்காரருக்குத் தீனி போடுவது நாம்தான். இதைச் சொன்னால் பங்குப் பேரவையில் எனக்கு வேறு பெயர் வைப்பார்கள், வைக்கட்டும். வரலாறு தெரியாமல் திட்டுகிறவரை விட, தெரிந்துகொள்ள அக்கறையே இல்லாமல் கொண்டாடுகிறவர் மேல்தான் இப்போது கோபம் அதிகம் வருகிறது.

தம்பி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். உன் சபை, உன் விசுவாசம், நான் ஒன்றும் சொல்லவில்லை. மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்லவும் இல்லை. சுண்ணாம்பு அடிக்கும்போது வாளியைப் பிடிக்க ஆள் வேண்டும். அதற்கு எந்தப் பாஸ்டர் தடை சொல்வார்?

கமெண்டில் சம்ஹைன் என்று மறுபடியும் எழுத வருகிறவர்கள், அந்த ஏப்ரல் 20க்குப் பதிலோடு வாருங்கள். மற்றதையெல்லாம் அழித்துவிடுவேன்.