பெடல் கல்லாப் போனா மாஸ்டர் சிலிண்டரையா கழட்டுறது?

மறுபடியும் அதே கொடுமை. ஊட்டியில ஓடுற பழைய மஹிந்திரா டீசல் ஜீப், ஃபோர் வீல் டிரைவ். "பிரேக் பெடல் கல்லு மாதிரி இருக்கு, ஏறி நின்னாதான் வண்டி நிக்குது." புகார் இவ்வளவுதான். பட்டறையில என்ன செஞ்சாங்க? ஏர் எடுத்தாங்க, அதாவது பிரேக் ஆயில் லைன்ல சிக்கின காத்தை வெளியேத்தினாங்க. கல்லு. மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதிச்சா ஆயிலை லைன்ல தள்ளுற உருளை) மாத்தி மறுபடியும் ஏர் எடுத்தாங்க. கல்லு. நாலு சக்கரத்துக்கும் பிரேக் லைனிங். கல்லு. கடைசியில புது பூஸ்டர், அதாவது வேக்குவத்தை (காத்தை உறிஞ்சி உண்டாக்குற வெற்றிடம்) வச்சு கால் மிதிக்கு பலம் கூட்டுற டப்பா. அப்பவும் கல்லு!

லைன்ல காத்து இருந்தா பெடல் பஞ்சா அமுங்கும்யா. மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் தேஞ்சிருந்தா, மிதிச்ச பெடல் மெதுவா கீழே இறங்கிக்கிட்டே போகும். கல்லா நின்னா முதல் சந்தேகம் வேக்குவம் மேலதான் வரணும். இந்த மாதிரி பழைய டீசல் எஞ்சின்ல காத்தை மறிக்கிற த்ராட்டில் தட்டு இல்ல, அதனால காத்து உள்ளே போற மேனிஃபோல்டு குழாய்ல வேக்குவமும் இல்ல. அதுக்காகத்தான் கரண்ட் எடுக்கற ஆல்டர்னேட்டர் முதுகுல வேக்குவம் உண்டாக்க ஒரு பம்ப் வச்சிருக்கான். அதை யாராவது எட்டிப் பார்த்தாங்களா?

எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு பெடலை அஞ்சாறு தடவை மிதி. இறுகினதும் காலை எடுக்காம ஸ்டார்ட் பண்ணு. பெடல் கொஞ்சம் உள்ளே போகணும். போகலைன்னா பூஸ்டருக்கு வேக்குவம் வரலை, இல்ல பூஸ்டரே செத்துப்போச்சு. போகுதா? ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம் கழிச்சு மிதி. முதல் மிதியே கல்லுன்னா காத்தை ஒரு பக்கம் மட்டும் விடற ஒன்வே வால்வோ, அது உட்கார்ற ரப்பரோ, பூஸ்டருக்குள்ளே இருக்கற ரப்பர் சவ்வான டயாஃப்ராமோ கசியுது. ஸ்பானரே தொட வேண்டாத வேலை இது!

ஒருவழியா வேக்குவம் அளக்கற கேஜ் வந்துச்சு. நேரா பம்ப்ல மாட்டினா 19 அங்குலம் (பாதரச அளவு). "25 வரணும், பம்ப் போச்சு"ன்னு அதையும் கழட்டப் போயிட்டாங்க. ஊட்டி 2,240 மீட்டர், ஏறக்குறைய 7,350 அடி உயரம். அங்க காத்தழுத்தமே ஏறக்குறைய 23 அங்குலம்தான். ஆயிரம் அடி ஏறினா காத்தழுத்தமும் பம்ப் காட்டுற வேக்குவமும் ஏறக்குறைய ஒரு அங்குலம் குறையும். சென்னையில 26 காட்டுற பம்ப் அங்க 19தான் காட்டும். அது நல்ல பம்ப்!

அதே கேஜை பூஸ்டர் பக்கம் டி (T வடிவ இணைப்பு) போட்டு மாட்டினா அஞ்சைத் தாண்டலை. நடுவுல இருக்கறது என்ன? ஒரு ஓஸ். எவனோ பழைய ஓஸைத் தூக்கிட்டு சாதாரண தண்ணி டியூபை மாட்டியிருக்கான். எஞ்சின் சூட்டுல அது இளகிடுது, வேக்குவம் இழுத்ததும் சப்பையா ஒட்டிக்குது. ஆஃப் பண்ணி பானெட்டைத் திறந்தா பழையபடி உருண்டையா விரிஞ்சிருக்கு. அதனாலதான் ஒருத்தர் கண்ணுலயும் படலை. ஓடுற எஞ்சின்ல அதை விரலால தொட்டுப் பார்த்திருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். வேக்குவத்துக்குன்னே உள்ளே நூல் பின்னின தடிமனான ஓஸ் இருக்கு, அதை வாங்கி மாட்டுங்க. ஒரு முழம் ரப்பருக்காக ஒரு பூஸ்டர், ஒரு மாஸ்டர் சிலிண்டர், ஒரு செட் லைனிங்! அந்த வண்டி கல்லட்டி மலைப்பாதை இறக்கத்துல ஆள் ஏத்திக்கிட்டுப் போற வண்டி.

இதுல இன்னொண்ணு. பிரேக் ஆயில் டப்பா மூடியைத் தொலைச்சிட்டு, பாலிதீன் பையைச் சுத்தி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்திருக்காங்க. ஊட்டி மழையில. தண்ணியை உறிஞ்சுற ஆயில்யா அது!