பீட்டர் குஷிங் 1957க்கு முன்பே நட்சத்திரம்தான்

'1957இல் ஹாமர் நிறுவனத்தின் பிராங்கன்ஸ்டைன் படம் வரும்வரை பீட்டர் குஷிங்கை யாருக்கும் தெரியாது' என்று ஒரு பதிவு பார்த்தேன். (குஷிங் பிரிட்டிஷ் நடிகர்; ஹாமர், திகில் படங்களுக்குப் பேர்போன பிரிட்டிஷ் பட நிறுவனம்.) பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். அது சரியில்லை என்று நினைக்கிறேன்.

1954 டிசம்பர் 12, ஞாயிறு இரவு. ஆர்வெல்லின் '1984' நாவலை பிபிசி நாடகமாக நேரலையில் ஒளிபரப்பியது. நாயகன் வின்ஸ்டன் ஸ்மித்தாக நடித்தவர் குஷிங். நாடகம் கிளப்பிய சர்ச்சை நாடாளுமன்றம் வரை போனது. டிசம்பர் 16 அன்று அதே குழு மறுபடியும் நேரலையில் நடித்தது (அப்போதெல்லாம் மறு ஒளிபரப்பு என்றால் மறுபடி நடிப்பதுதான்!). தொலைக்காட்சியின் சிறந்த நடிகர் விருதும் அவருக்கு வந்தது. ஹாமர் படத்துக்கு வரும்போதே அவர் வீடுவீடாகத் தெரிந்த முகம்.

சரிபார்ப்பது எளிது. அந்த இரண்டாவது ஒளிபரப்பைப் படச்சுருளில் பதிவு செய்திருந்தார்கள். அது இன்றும் இருக்கிறது. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் அதை டிவிடி வட்டாகவும் வெளியிட்டிருக்கிறது. வின்ஸ்டனைச் சித்திரவதை செய்ய எலிக்கூண்டை முகத்தருகே கொண்டுவரும் காட்சியில் குஷிங்கின் முகத்தைப் பாருங்கள். அப்புறம், லாரன்ஸ் ஒலிவியே இயக்கி நடித்த 1948 'ஹாம்லெட்' படத்திலும் ஆஸ்ரிக் என்ற அரசவையாளராக வருவது இவரேதான்.