கண்ணுக்குக் கீழ் பை: கொழுப்பு ஊசியும் சேர்த்தே ஆகணுமா?

"கண்ணுக்குக் கீழ இருக்கற பைக்கு ஆபரேஷன்னா, வயித்துக் கொழுப்பையும் எடுத்து ஊசியா போட்டே ஆகணும், இல்லாட்டி குழி விழுந்துடும். நம்ம கொழுப்புதானே, ஆபத்தில்ல!" தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

குழி விழுவது பெரும்பாலும் பையிலுள்ள கொழுப்பை அளவுக்கு மீறி வெட்டி எடுத்தால்தான். கொழுப்பை இடம் மாற்றி வைக்கும் ஆபரேஷன் முறையில் அதை வெட்டி வீசுவதில்லை. கீழிமையின் உட்புறம் கீறி, எலும்பு விளிம்பில் ஒட்டியிருக்கும் நாரை விடுவித்து, அதே கொழுப்பை ரத்த ஓட்டம் அறாமல் பள்ளத்துக்குள் இறக்கித் தைக்கிறார்கள். புடைப்பும் அதன் கீழ்ப் பள்ளமும் மட்டும் இருந்தால் பெரும்பாலும் இதுவே போதும்.

கன்னமும் வற்றியிருந்தாலோ, நகர்த்தக் கொழுப்பு போதாவிட்டாலோதான் ஊசிக் கொழுப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு வழக்கமாக ஓரிரு மில்லி. முனை மழுங்கிய குழாயால், எலும்பை ஒட்டி ஆழத்தில். மேலாகப் போட்டால் இமையின் மெல்லிய தோலில் திட்டுத்திட்டாகத் தெரியும். பள்ளத்தை நிரப்பப் போடும் ஹயலூரானிக் அமில ஜெல்லை (ஃபில்லர்) ஊசியால் கரைக்கலாம், கொழுப்பை அப்படிக் கரைக்க முடியாது. ஒரு பகுதி தானாகவே கரையும், எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. உடம்பு பெருத்தால் மிஞ்சியதும் பெருக்கலாம். நம் கொழுப்புதான், ஆனால் ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால், அரிதாகப் பார்வையே பறிபோகும்.

கருவளையமும் இதில் போகுமா? திண்ணையில் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்து கண்ணாடியில் பாருங்கள். கருமை மறைந்தால் அது பள்ளத்தின் நிழல். மறையாமல் தோலிலேயே இருந்தால், அதை இந்த இரண்டு முறையுமே போக்காது.