"கஷ்டம்" என்று சொல்பவனுக்கு உடற்தகுதி இல்லையா?

திருகோணமலை உதைபந்தாட்டப் பெடியங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: தொழில்முறை வீரருக்குக் களைப்பே தெரியாதாம், பயிற்சி கஷ்டம் என்று சொல்பவனுக்கு உடற்தகுதி இல்லையாம். முழுப் பிழை.

தொழில்முறைக் கழகங்கள் பலவற்றில் பயிற்சி முடிந்து சுமார் அரை மணித்தியாலத்தில் வீரரிடம் கேட்பதே "இன்றைக்கு எவ்வளவு கஷ்டம்?" என்றுதான். சுவீடன் உளவியலாளர் குன்னார் போர்க் உருவாக்கிய அளவுகோலின்படி 0 முதல் 10 வரை ஓர் எண் சொல்வார், அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கினால் அன்றைய சுமை வந்துவிடும். 90 நிமிடம், 7 என்றால் 630. ஜிபிஎஸ், இதயத்துடிப்புக் கருவி எல்லாம் வைத்திருக்கிற இடங்களிலும் இதைக் கேட்கிறார்கள், ஏனென்றால் நித்திரைக் குறைவு, மன அழுத்தம், போன ஆட்டத்தின் உளைவு எல்லாம் கருவியில் தெரியாமல் போகலாம், அந்த எண்ணில் தெரியும்.

தகுதி கூடினால் அதே ஓட்டம் இலகுவாகத் தெரியும், அது சரி. ஆனால் ஏகாம்பரம் மைதானத்தில் வெக்கைக்குள் ஓடிப் பாருங்கள், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும், எவ்வளவு தகுதியுள்ளவனுக்கும் எண் ஏறும்.

தம்பிமாரே, வெட்கப்பட்டு 9 ஐ 4 என்று சொல்லாதீர்கள். பயிற்றுநர் அதை நம்பி அடுத்த நாள் சுமையைக் கூட்டிவிடுவார்.