கண்டக்டர் இல்லாத வண்டி

(பொள்ளாச்சி. அக்டோபர் மாதம், இரவு எட்டு மணி. வால்பாறை ரூட்டில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அப்பா, டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு வீடியோ காலை எடுக்கிறார். மறுமுனையில் அமெரிக்காவின் வட கரோலினாவில் மகள். அங்கே காலை பத்தரை.)

அப்பா: என்ன கண்ணு, உனக்குப் பின்னால் ஒரே சிவப்பாக இருக்கிறது? எங்காவது தீப்பிடித்துவிட்டதா?

மகள்: மரம்ப்பா! மேப்பிள். இங்கே இப்போது இலையுதிர்காலம். ப்ளூ ரிட்ஜ் மலைக்குக் கார் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

அப்பா: யார் யார் போயிருக்கிறீர்கள்?

மகள்: நான் மட்டும்தான்.

அப்பா: தனியாகவா? (சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி) உங்கம்மா காதில் விழுந்தால் இன்றைக்கு எனக்கு சாப்பாடு கிடையாது. என் சர்வீஸில் கண்டக்டர் இல்லாமல் நான் மலை ஏறினதே இல்லை. ரிவர்ஸ் எடுத்தால் பின்னால் நின்று விசில் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

மகள்: காரிலேயே கேமரா இருக்கிறதுப்பா.

அப்பா: அது 'ரைட், ரைட், ஹோல்டான்' என்று சொல்லுமா?

மகள்: இடிக்கப் போனால் பீப் பீப் என்று கத்தும்.

அப்பா: எங்கள் கண்டக்டர்களில் பாதிப் பேர் இடித்த பிறகுதான் கத்துவார்கள். சரி, போன் பேசிக்கொண்டே ஓட்டவில்லையே?

மகள்: இல்லீங்கப்பா, நிறுத்திவிட்டேன். ரஃப் ரிட்ஜ் என்று ஒரு வியூ பாயிண்ட். இருங்கள், கேமராவைத் திருப்புகிறேன். பார்த்தீர்களா, மலைச்சரிவு முழுக்க மஞ்சளும் ஆரஞ்சும்!

அப்பா: அழகு. கொஞ்சம் கீழே இறக்கு. இன்னும் கீழே. ஆங், முன் டயர். பட்டன் இருக்கிறதா, தேய்ந்துவிட்டதா?

மகள்: இந்தக் காட்சிக்காக எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். நீங்கள் டயரைப் பார்க்கிறீர்கள்.

அப்பா: ரோட்டில் இலை கொட்டி, அது ஈரமாகவும் இருந்தால் வண்டி வழுக்கும். இலையைப் பார்க்கிறவன் முதலில் டயரைப் பார்க்க வேண்டும். அது கிடக்கட்டும், மொத்தம் எத்தனை கொண்டை ஊசி?

மகள்: இங்கே வளைவுக்கு நம்பர் கிடையாது. மைல் கணக்குதான். ப்ளூ ரிட்ஜ் பார்க்வே என்கிற இந்த மலை ரோடு வர்ஜீனியாவில் தொடங்கி 469 மைல். நம் கணக்கில் 755 கிலோமீட்டர்.

அப்பா: நம்பர் இல்லாவிட்டால் டிரைவர் எதை எண்ணுவான்? வால்பாறையில் ஒன்பதாவது பெண்டில் வியூ பாயிண்ட், நாற்பது முடிந்தால் டீ என்று ஒரு கணக்கு இருக்கும். அங்கே டீ எங்கே?

மகள்: பார்க்வேயில் டீக்கடை இல்லை. பெட்ரோல் பங்க் இல்லை, விளம்பரப் பலகை இல்லை. லாரியை விடவே மாட்டார்கள். வேகம் 45 மைலைத் தாண்டக் கூடாது. அதாவது 72 கிலோமீட்டர்.

அப்பா: மலையில் எழுபத்திரண்டா! எனக்குக் கொடுத்த பஸ் சமவெளியிலேயே அதைத் தொட்டதில்லை. லாரியும் போகாது, டீயும் கிடைக்காது. அப்புறம் எதற்கு ரோடு போட்டார்கள்?

மகள்: சுற்றிப் பார்க்கத்தான். வேலையில்லாத் திண்டாட்டம் அதிகமாக இருந்த காலம், ஆட்களுக்கு வேலை கொடுத்த மாதிரியும் ஆயிற்று. 1935ல் ஆரம்பித்து 1987ல் முடித்தார்கள்.

அப்பா: ஐம்பத்திரண்டு வருஷமா? காண்டிராக்டர் நம்ம ஊர் ஆளா?

மகள்: கடைசி ஏழு மைல் சொச்சம்தான் இழுத்துவிட்டது. மலையை வெட்டக் கூடாது என்று, சரிவை ஒட்டிக்கொண்டு போகிற மாதிரி லின் கோவ் என்று ஒரு பாலம் கட்டினார்கள். 153 கான்கிரீட் துண்டுகள், ஒவ்வொன்றும் 50 டன். அதில் ஒன்றே ஒன்றுதான் நேரானது. மற்றதெல்லாம் வளைவு.

அப்பா: (நிமிர்ந்து உட்கார்ந்து) மலையை வெட்டாமலா? அப்படியென்றால் கிரேன் எங்கே நின்றது?

மகள்: அதுவரைக்கும் கட்டின பாலத்தின் மேலேயே நின்று, அடுத்த துண்டைக் கொண்டுபோய் முன்னால் வைத்தார்கள்.

அப்பா: அடேங்கப்பா! அதைக் காட்டாமல் இலையைக் காட்டிக்கொண்டிருக்கிறாயே கண்ணு!

மகள்: அது இன்னும் ஒன்றரை மைல் தள்ளி. முதலில் இலையைப் பாருங்கள். பகல் குறையக் குறைய மரம் பச்சையம் தயாரிப்பதை நிறுத்திவிடும். மஞ்சள் ஏற்கெனவே உள்ளே இருந்ததுதான், பச்சை போனதும் வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் இந்தப் பருவத்தில் புதிதாக உண்டாவது.

அப்பா: அதாவது நான் டை அடிக்காத மாதம் என் தலை தெரிகிற மாதிரி.

மகள்: அதைப் பார்க்க யாரும் லீவு போட்டு வரமாட்டார்கள். ஐயோ, ஒரு நிமிஷம்ப்பா. பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றிருக்கிறது, முன் சக்கரத்தில் புகை வருகிறது! வயதான தம்பதி. அவர் தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறார்.

அப்பா: ஊற்ற விடாதே! சூட்டில் பிரேக் டிஸ்க் விரிசல் விட்டுவிடும். ஹேண்ட்பிரேக்கும் இழுக்க வேண்டாம், பிடித்துக்கொள்ளும். பார்க்கிங்கில் போட்டுவிட்டுச் சக்கரத்துக்கு அடியில் கல் வைக்கச் சொல்.

மகள்: (ஓடிப்போய்ப் பேசிவிட்டு, மூச்சு வாங்க) கல் வைத்தாயிற்று. மேலேயிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினாராம்.

அப்பா: எந்த கியரில் ஏறுகிறோமோ அதில்தான் இறங்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் எல் என்று ஒன்று இருக்குமே, இறக்கத்தில் அதில் போடச் சொல். அரை மணி நேரம் ஆறட்டும். அவசரப்பட்டு எடுக்க வேண்டாம்.

மகள்: உங்கப்பா மெக்கானிக்கா என்று கேட்கிறார்.

அப்பா: டிரைவர் என்று சொல். மலை ரூட் டிரைவர் என்று சொல்.

மகள்: சொன்னேன், போனைப் பார்த்து சல்யூட் அடிக்கிறார். அந்தம்மா ஃபிளாஸ்க்கிலிருந்து சூடாக ஆப்பிள் சாறு ஊற்றிக் கொடுக்கிறார்கள்.

அப்பா: பார்த்தாயா, டீக்கடை இல்லை என்றாயே!

மகள்: உங்கள் மலையில் இலை எந்த மாதம் நிறம் மாறும் என்று கேட்கிறார். பார்க்க வரவேண்டுமாம்.

அப்பா: எங்கள் ஊரில் அதுவரைக்கும் இலையைச் செடியில் விட்டுவைக்க மாட்டோம், கொழுந்திலேயே பறித்து டீத்தூள் ஆக்கிவிடுவோம் என்று சொல். பச்சை கறுப்பாகிறதைப் பார்க்க வேண்டுமானால் எஸ்டேட் ஃபேக்டரிக்கு வரட்டும், கூட்டிப்போகிறேன். வண்டியை மட்டும் அவர் ஓட்ட வேண்டாம்.